மலேரியா டெஸ்ட் நெகட்டிவ், ஆனால் காய்ச்சல் இருக்கிறது: எல்லோருக்கும் செஃப்ட்ரையாக்சோனா?

இரவுப்பணி · செவ்வாய், காலை 6:40

நைட் டியூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருக்கிறேன். பெயர் வேண்டாம்.

நேற்று இரவு பதினொன்றரைக்கு முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். நான்கு நாள் காய்ச்சல், உடல் வலி, சாப்பாடு இறங்கவில்லை. நாடித் துடிப்பு 124, ரத்த அழுத்தம் கொஞ்சம் தாழ்வு, மூச்சு சற்று வேகம். மலேரியா ரேப்பிட் டெஸ்ட்டில் ஒரு கோடுதான் வந்தது, அதாவது நெகட்டிவ். என்னிடம் மிச்சம் இருந்தவை ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி டெஸ்ட், சிறுநீர் ஸ்ட்ரிப். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் கிடையாது. எக்ஸ்ரே காலையில்தான்.

கை தானாக செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசியை 2 கிராம் என்று எழுதிவிட்டது. அதற்காக வருத்தப்படவில்லை. அதே இரவில் இன்னும் ஐந்து பேருக்கும் அதையே எழுதினேன் என்பதுதான் உறுத்துகிறது. அதில் ஒருவருக்கு சாதாரண சளிக் காய்ச்சல் என்றுதான் எனக்கே பட்டது. போன வாரம் நான் சேர்த்த நோயாளிகளை வார்டில் எட்டிப் பார்த்தேன். காய்ச்சல் விட்டு உட்கார்ந்து கஞ்சி குடிப்பவருக்கும் ஐந்தாம் நாளாக ஊசி ஓடிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "காஷுவாலிட்டியில் எழுதியிருக்கிறார்கள்" என்றார்கள். எழுதியது நான்தான்.

கல்ச்சர் இல்லாத இடங்களில் வேலை பார்த்தவர்கள் என்ன செய்கிறீர்கள்? "ஆன்டிபயாட்டிக்கைக் குறையுங்கள்" என்ற போஸ்டர் எங்கள் சுவரிலும் இருக்கிறது. அதற்கு மேல் ஏதாவது சொல்லுங்கள்.

பழைய_ஸ்டெத் · செவ்வாய், காலை 8:05

கொடுத்தது சரி. இனியும் கொடுங்கள்.

இப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்வதற்குக் காரணம் உண்டு. கென்யாவின் கிலிஃபியில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் ரத்தக் கல்ச்சர் எடுத்துப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளியானது. அந்த மருத்துவமனையில் இறந்த குழந்தைகளில் 26 சதவீதம் பேருக்கு வெளியிலிருந்தே வந்த பாக்டீரியா ரத்தத்தில் இருந்தது. கல்ச்சர் வசதி இல்லாத பக்கத்து மாவட்டத்தில் அந்தக் குழந்தைகளையெல்லாம் மலேரியா என்றுதான் புதைத்திருப்பார்கள்.

ஆப்பிரிக்காவில் டைஃபாய்டு அல்லாத சால்மொனெல்லா வகை பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும்போது பாதி நேரம் வயிற்றுப்போக்கே இருக்காது. வெறும் காய்ச்சல்தான். சத்துக் குறைவான குழந்தை, ரத்தசோகை, எச்.ஐ.வி உள்ள பெரியவர்: இவர்களில் யாருக்கு அது இருக்கிறது என்று கையால் தொட்டுச் சொல்லும் வித்தை எனக்கு இருபத்தெட்டு வருடத்தில் வரவில்லை. உங்களுக்கு வந்திருந்தால் சொல்லிக்கொடுங்கள்.

கிருமிகள் மருந்துக்குக் காட்டும் எதிர்ப்பாற்றல் பற்றி மாநாட்டில் பேசுகிறவர்களுக்குக் கல்ச்சர் மெஷின் அருகிலேயே இருக்கிறது. மருந்து கிடைக்காமல் சாகிறவர்கள் இன்னும் ஏராளம். இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

அகார்தட்டு · செவ்வாய், காலை 9:50

ஸ்டெத் சார் சொன்ன கிலிஃபி ஆய்வு எனக்கும் பிடித்தது. ஆனால் அதை முழுதாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் பாக்டீரியா இருந்தது, 60 நாளுக்கு மேற்பட்ட குழந்தைகளில் 5.9 சதவீதம் பேருக்குத்தான். அதற்கும் சின்னப் பிள்ளைகளில் 12.8. அந்தச் சிலரில் சாவு விகிதம் அதிகம். எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும் என்று அந்த ஆய்விலிருந்து நேரே வந்துவிட முடியாது.

நுண்ணுயிரியல் ஆள் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி. மலேரியா இல்லை என்றால் அந்தக் காய்ச்சல் என்னவாக இருக்கிறது? தான்சானியாவில் இரண்டு இடங்களில் ஆழமாகத் தேடிப் பார்த்தார்கள்.

முதலாவது தார் எஸ் சலாம், இஃபாகாரா. புறநோயாளிகளாக வந்த காய்ச்சல் குழந்தைகள் சுமார் ஆயிரம் பேர், 2014-இல் வெளியானது. 70.5 சதவீதம் பேருக்கு வைரஸ் நோய். பாக்டீரியா 22. மலேரியா உள்ளிட்ட ஒட்டுண்ணிகள் 10.9.

இரண்டாவது மோஷி, 2013. இது அட்மிஷன் ஆனவர்கள், அதனால் உங்கள் நோயாளிகளுக்குக் கொஞ்சம் நெருக்கம். 60.7 சதவீதம் பேருக்கு மலேரியா என்று எழுதிச் சிகிச்சை நடந்தது. உண்மையில் மலேரியா இருந்தது 1.6 சதவீதம் பேருக்கு. அதைவிட என்னை உட்கார வைத்த வரி ஒன்று உண்டு. நாலில் ஒரு பங்குக்கு மேல் விலங்குகளிடமிருந்து வரும் பாக்டீரியா நோய்கள்: லெப்டோஸ்பைரோசிஸ், கியூ காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் வகை ரிக்கெட்சியா. லெப்டோவை செஃப்ட்ரையாக்சோன் பிடிக்கும். கியூ காய்ச்சலுக்கும் ரிக்கெட்சியாவுக்கும் அது தண்ணீர் ஊசி மாதிரிதான். டாக்சிசைக்ளின் வேண்டும். வாயால் சாப்பிடும் மாத்திரை, எந்த அலமாரியிலும் கிடக்கும், யாரும் நினைப்பதில்லை.

ஆக "எல்லாவற்றையும் கவர் பண்ணுகிறோம்" என்று நினைத்துக்கொண்டு கொடுக்கிற மருந்து எல்லாவற்றையும் கவர் பண்ணுவதில்லை. இதை யாராவது அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டினால் நன்றாக இருக்கும்.

புதுமுகம் · செவ்வாய், பகல் 12:15

ஹவுஸ் சர்ஜன்தான், குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். செப்சிஸ் (தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கிற நிலை) என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் என்று படிக்கிறோமே. அப்படியானால் இரவுப்பணி மேடம் செய்தது விதிப்படிதானே?

கணக்குப்பிள்ளை · செவ்வாய், மதியம் 2:30

விதியையே 2021-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள் தம்பி. சர்வதேச செப்சிஸ் வழிகாட்டியில் ஷாக் (ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிவது) இருந்தால், அல்லது செப்சிஸ் என்று கிட்டத்தட்ட உறுதி என்றால் ஒரு மணி நேரம். ஷாக் இல்லை, சந்தேகம் மட்டும் என்றால் வேகமாக ஆராய்ந்து பார், சந்தேகம் தீரவில்லை என்றால் மூன்று மணி நேரத்துக்குள் கொடு. அந்த இடைவெளியில் யோசிக்க இடம் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்துவதில்லை.

இன்னொன்று. பணக்கார நாட்டு நெறிமுறையை அப்படியே தூக்கிவந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லுசாகா ஒரு பாடம். ஜாம்பியாவின் தலைநகரில், அவசரப் பிரிவிலேயே நடந்த ஆய்வு, 2017-இல் வெளியானது. ரத்த அழுத்தம் தாழ்ந்த செப்சிஸ் நோயாளிகள் சுமார் இருநூறு பேர், பெரும்பாலோர் எச்.ஐ.வி உள்ளவர்கள். ஒரு குழுவுக்கு நெறிமுறைப்படி முன்கூட்டியே நிறைய ட்ரிப்ஸும் தேவைப்பட்டால் அழுத்தம் ஏற்றும் மருந்தும். மற்றக் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. நெறிமுறைக் குழுவில் 48.1 சதவீதம் இறந்தார்கள், வழக்கமான குழுவில் 33. இது ட்ரிப்ஸ் பற்றியது, ஆன்டிபயாட்டிக் பற்றியது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளி வேறு, நோய் வேறு, பின்னால் இருக்கிற ஐ.சி.யு வேறு என்றால் விதியின் விளைவும் வேறு.

இழையின் தலைப்புக்கு நேராக ஒரு கணக்கு. மலேரியா ரேப்பிட் டெஸ்ட் வந்த பிறகு மலேரியா மருந்து குறைந்தது, நல்லது. அப்புறம் என்ன ஆனது என்று பல நாட்டு ஆய்வுகளை, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட காய்ச்சல் நோயாளிகளை, சேர்த்துப் பார்த்து 2017-இல் எழுதினார்கள். டெஸ்ட் பாசிட்டிவ் வந்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாட்டிக். நெகட்டிவ் வந்தவர்களில் 69 சதவீதம். ஒரு நோயை இல்லை என்று சொல்கிற டெஸ்ட் கையில் கொடுத்தோம், அப்படியானால் என்ன நோய் என்று சொல்கிற டெஸ்ட்டைக் கொடுக்கவில்லை. எழுதுகிறவர் வெறும் கையோடு நோயாளியை அனுப்ப மாட்டார்.

வார்டு_அக்கா · செவ்வாய், இரவு 9:20

டாக்டர்கள் எல்லோரும் கிருமியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஊசி போடுகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். மொசாம்பிக்கில் ஒரு உதவி நிறுவனம் வழியாக இரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன்.

ஏன் எல்லா இடத்திலும் செஃப்ட்ரையாக்சோன் தெரியுமா? ஒரு நாளைக்கு ஒரு தரம். அவ்வளவுதான் விஷயம். பெனிசிலின் என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவில் நாற்பது பேருக்கு நான் ஒருத்தி, கூட ஒரு உதவியாளர். பன்னிரண்டு மணி டோஸ் போட ஆரம்பித்தால் இரண்டரை ஆகும், நடுவில் ஒரு பிரசவக் கேஸ் வந்தால் அதுவும் நின்றுவிடும். காலை ஆறு மணி டோஸ் போட வந்தால் ஊசி மருந்து ஏற்ற நரம்பில் செருகிய கேனுலாவில் பாதி வீங்கியிருக்கும். புதுக் கேனுலா ஸ்டாக்கில் இருந்தால் அதிர்ஷ்டம். மருந்து சார்ட்டில் டிக் இருக்கும். அந்த டிக்கை நம்பாதீர்கள், நானே போட்டிருக்கிறேன்.

மேலதிகாரிகள் வந்து "பெனிசிலின், ஜென்டாமைசின்தான் முதல் தேர்வு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜென்டா ஒருமுறை போதும், சரி. பெனிசிலினை யார் நாலு தரம் போடுவது என்று யாரும் கேட்கவில்லை. நான்கில் இரண்டு டோஸ் மட்டும் போய்ச் சேர்கிற பெனிசிலினைவிட ஒழுங்காக ஒருமுறை போகிற செஃப்ட்ரையாக்சோன் மேல் என்று எங்கள் இளம் டாக்டர் சொன்னார். அவர் சொன்னது தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

பச்சைக் குழந்தைக்கு செஃப்ட்ரையாக்சோனைப் போடும்போது கால்சியம் கலந்த ட்ரிப்ஸ், ரிங்கர் லாக்டேட் உட்பட, ஓடக்கூடாது. அவசரத்தில் இரண்டும் ஒரே ஸ்டாண்டில் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். இது இழைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இரவுப்பணி · புதன், காலை 7:10

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று மருந்து சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். எங்களிடமும் அதே டிக்தான்.

அகார்தட்டு, இங்கே மலாவியிலேயே எதிர்ப்பாற்றல் எவ்வளவு என்று ஏதாவது தெரியுமா? எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு எண் கூட இல்லை.

அகார்தட்டு · புதன், காலை 10:30

பிளாண்டயரில் இருக்கிறது. குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் 1998 முதல் 2016 வரை எடுத்த ரத்தக் கல்ச்சர்களின் தொகுப்பு, மொத்தம் 1,94,539. அந்தக் கண்டத்தில் இவ்வளவு நீண்ட தொடர் அபூர்வம். ஈ.கோலை பாக்டீரியாவில் செஃப்ட்ரையாக்சோனை உடைக்கிற ஈ.எஸ்.பி.எல் வகை 2003-இல் 0.7 சதவீதம். 2016-இல் 30.3. கிளெப்சியெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவில் 11.8 இருந்தது 90.5 ஆனது. இரண்டாயிரங்களின் நடுவில்தான் அங்கே குளோராம்ஃபெனிகால் போய் செஃப்ட்ரையாக்சோன் வழக்கமான முதல் மருந்தாக வந்தது. இரண்டும் ஒரே காலம் என்பதால் ஒன்றால்தான் மற்றது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வேறு யாரைச் சந்தேகப்படுவது?

90 சதவீதம் என்றால் படுக்கையருகே என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். வார்டில் கிளெப்சியெல்லா தொற்றிய பச்சைக் குழந்தைக்கு நீங்கள் ஓட்டுகிற மருந்து வேலை செய்யாது. அடுத்த படி மெரோபெனம் என்ற இன்னும் வலுவான ஆன்டிபயாட்டிக். அது உங்கள் அலமாரியில் இருக்கிறதா?

உங்கள் மாவட்டத்துக்கு எண் இல்லாததிலும் ஆச்சரியமில்லை. 14 ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 50,000 ஆய்வகங்களைக் கணக்கெடுத்தார்கள். பாக்டீரியா வளர்க்கும் வசதி இருந்தவை 1.3 சதவீதம்.

பழைய_ஸ்டெத் · புதன், காலை 11:15

மெரோபெனம் இல்லை என்பதுதான் என் வாதமும். முதல் மருந்தும் கூடாது, அடுத்த மருந்தும் கிடையாது என்றால் டாக்டர் என்ன செய்வார், திருநீறு பூசுவாரா?

குழந்தைகளுக்கு மருந்தே வேண்டாம் என்று பார்த்த ஆய்வும் மலாவியில்தான் நடந்தது, லிலோங்வேயில், 2019. வேக மூச்சு மட்டும் உள்ள நிமோனியா. டம்மி மாத்திரைக் குழுவில் 7 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தோற்றது, அமாக்சிசிலின் குழுவில் 4. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். "பெரும்பாலும் வைரஸ்தான்" என்று சொல்வது சுலபம்.

கணக்குப்பிள்ளை · புதன், பகல் 12:40

அந்த 7-4 கணக்கு நியாயமானது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சார், அதே இடத்தில் அடுத்த வருடம் வந்த ஆய்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெஞ்சு உள்வாங்கும் நிமோனியா, எச்.ஐ.வி இல்லாத குழந்தைகள் மூவாயிரம் பேர். மூன்று நாள் அமாக்சிசிலினா, ஐந்து நாளா? தோல்வி 5.9-க்கு 5.2. ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்த வரம்புக்குள் மூன்று நாள் போதுமானது. அமாக்சிசிலின் மாத்திரை, ஊசி கூட இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆரம்பிப்பதில் கஞ்சத்தனம் செய்தால் அடி விழுகிறது. முடிப்பதில் செய்தால் விழவில்லை. இங்கே எல்லோரும் முதல் டோஸைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். இரவுப்பணி முதல் பதிவில் சொன்ன கஞ்சி குடிக்கிற ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை.

பழைய_ஸ்டெத் · புதன், பகல் 12:52

இது நியாயம்.

மருந்தறைக்காரன் · புதன், மாலை 6:00

ஸ்டெத் சார் "நியாயம்" என்று எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சப்ளை பக்கம் ஒரு விஷயம். ஆர்டர் போடும்போது போன காலாண்டில் எவ்வளவு செலவானது என்பதை வைத்துத்தான் அடுத்ததற்குக் கேட்போம். பென்சைல்பெனிசிலின் இரண்டு மாதம் வரவே இல்லை, அதனால் செலவு பூஜ்யம். பூஜ்யம் செலவான மருந்தை யார் கேட்பார்கள்? அதே இரண்டு மாதம் செஃப்ட்ரையாக்சோன் இரட்டிப்பாகப் போயிருக்கும். அடுத்த தடவை அது இரட்டிப்பாக வரும். வந்ததை எழுதுவார்கள். இப்படி மூன்று சுற்று போனால் கம்ப்யூட்டரில் அந்த மருத்துவமனைக்குப் பெனிசிலின் தேவையே இல்லை என்று ஆகிவிடும். யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. ஸ்டாக் இல்லாத நாட்களைக் கழித்துவிட்டுச் சராசரி போட்டால் இது கொஞ்சம் சரியாகும். ஆனால் ஸ்டாக் இல்லாத நாட்களை யாராவது பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டுமே!

இன்னொன்று, குப்பிக்குள் இருப்பது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் மருத்துவப் பொருட்களில் பத்தில் ஒன்று தரம் குறைந்தது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. அதிகம் புகார் வருவது மலேரியா மருந்திலும் ஆன்டிபயாட்டிக்கிலும். நோயாளி மூன்றாம் நாளும் தேறவில்லை என்றால் கிருமி எதிர்க்கிறது என்று நினைத்து மருந்தை மாற்றுவோம். மருந்தே அரைகுறையாக இருந்திருக்கலாம் என்று யோசிப்பதில்லை.

புதுமுகம் · புதன், மாலை 7:25

உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற சி.ஆர்.பி டெஸ்ட் வைத்து, ஆன்டிபயாட்டிக் வேண்டியவர்களைப் பிரிக்க முடியாதா? விரல் நுனி ரத்தம் போதும் என்கிறார்களே.

கணக்குப்பிள்ளை · புதன், இரவு 8:10

புறநோயாளிப் பிரிவில் கொஞ்சம் உதவும். நடந்து வந்து நடந்து போகிறவருக்கு சி.ஆர்.பி தாழ்வாக இருந்தால் "மருந்து வேண்டாம்" என்று சொல்ல டாக்டருக்குத் தைரியம் வரும். அவசரப் பிரிவில் படுத்திருப்பவருக்கு அது உயர்ந்துதான் இருக்கும். மலேரியாவிலும் ஏறும், காசநோயிலும் ஏறும். கிருமியின் பெயரைச் சொல்லாது.

அதற்கு முன்னால் டைஃபாய்டுக்குப் பார்க்கிற விடால் ரத்த டெஸ்ட்டைத் தூக்கி எறியலாம். ஒரே ஒரு விடால் பாசிட்டிவை நம்பி டைஃபாய்டு என்று சிப்ரோஃப்ளாக்சசின் எழுதுவது போல ஒரு விரயம் கிடையாது. கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் சால்மொனெல்லாவைப் பார்த்திருக்கிற ஊரில் அது பாசிட்டிவ் காட்டாமல் என்ன செய்யும்? சிப்ரோவில் இன்னொரு வம்பும் இருக்கிறது. காசநோய்க் கிருமியை அது அரைகுறையாக அமுக்கும். காய்ச்சல் நாலு நாள் விட்டுத் திரும்ப வரும், நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

வார்டு_அக்கா · புதன், இரவு 9:45

காயங்களை மறந்துவிட்டீர்கள். காஷுவாலிட்டியில் பாதி பைக் விபத்து. நன்றாகக் கழுவித் தைத்த சின்ன வெட்டுக்கும் ஐந்து நாள் கேப்ஸ்யூல் எழுதி அனுப்புகிறார்கள். எலும்பு வெளியே தெரிகிற முறிவுக்கு மட்டும் ஊசி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போகிறது, எக்ஸ்ரே வரட்டும் என்று. தலைகீழாக இருக்க வேண்டியது.

அகார்தட்டு · புதன், இரவு 10:05

நூறு மார்க், சிஸ்டர். திறந்த முறிவுக்கு முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும், செஃபசோலின் போன்ற பழைய மருந்தே போதும். சின்ன வெட்டுக்கு வேண்டியது குழாய்த் தண்ணீரும் பொறுமையும்.

இரவுப்பணி · வெள்ளி, மாலை 5:30

இரண்டு நாள் எழுத முடியவில்லை. முதல் பதிவில் சொன்ன பெண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எச்.ஐ.வி பாசிட்டிவ் வந்தது, அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். வார்டில் செஃப்ட்ரையாக்சோன் ஓடியது. மூன்றாம் நாளும் 39 டிகிரி. வார்டு டாக்டர் மருந்தை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் போய் சிறுநீரில் பார்க்கிற லாம் டெஸ்ட் ஏன் போடவில்லை என்று கேட்டேன். காசநோய்க்கானது, எச்.ஐ.வி உள்ள கடுமையான நோயாளிகளுக்கு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பது, இருபத்தைந்து நிமிடத்தில் பதில். பெட்டி காசநோய்க் கிளினிக் அறையில் பூட்டிக் கிடந்தது. சாவி ஒருவரிடம். திறந்து போட்டால் பாசிட்டிவ்.

அன்று இரவே என் மேசையில் அந்த டெஸ்ட் இருந்திருந்தால் முதல் டோஸை அப்போதும் கொடுத்திருப்பேன். ஸ்டெத் சாருக்காக இதைச் சொல்கிறேன். ஆனால் மூன்று நாள் போயிருக்காது. இப்போது பத்து ஸ்ட்ரிப் அவசரப் பிரிவு டிராயரில் வாங்கி வைத்திருக்கிறோம்.

பழைய_ஸ்டெத் · வெள்ளி, மாலை 6:10

நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. அந்தப் பெண் தேறிவிடுவாரா?

இரவுப்பணி · வெள்ளி, மாலை 6:25

காசநோய் மருந்து ஆரம்பித்திருக்கிறது. இன்னும் எழுந்து உட்காரவில்லை. பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை சொன்னதைப் பிடித்துக்கொண்டு வேறொன்றும் செய்தேன். ஏன் யாரும் நிறுத்துவதில்லை என்று வார்டில் உட்கார்ந்து கேட்டேன். பதில் ரொம்பச் சாதாரணம். எழுதியவர் காலையில் ஷிஃப்ட் முடிந்து போய்விடுகிறார். எதற்காக எழுதினார் என்று கேஸ் ஷீட்டில் இல்லை. வார்டு ஆளுக்கு அது நிமோனியாவா மூளைக்காய்ச்சல் சந்தேகமா என்று தெரியாது. தெரியாததை நிறுத்தி, நாளைக்கு ஏதாவது ஆனால் பழி நிறுத்தியவர் மேல்தான். தொடர்ந்து ஓட்டியவர் மேல் யாரும் பழி போட்டதில்லை.

அதனால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தோம். மூன்று வரி. எதற்காக ஆரம்பித்தேன். எவ்வளவு உறுதி: நிச்சயம், சந்தேகம், பயத்தில். 48 மணி நேரம் கழித்து மறுபரிசீலனை எந்தத் தேதி, எத்தனை மணி. அதற்குக் கீழே வார்டுக்கான கட்டம்: நிறுத்து, மாத்திரையாக மாற்று, தொடர். தொடர் என்றால் மட்டும் காரணம் எழுத வேண்டும்.

"பயத்தில்" என்ற சொல்லை வைக்கலாமா என்று பெரிய விவாதம். வைத்தோம். அதிகம் டிக் ஆவது அதுதான்.

மருந்தறைக்காரன் · வெள்ளி, இரவு 7:40

தொடர்வதற்குக் காரணம் கேட்கிறீர்கள், நிறுத்துவதற்குக் கேட்கவில்லை. இந்தச் சின்ன மாற்றம்தான் இதில் எனக்குப் பிடித்தது.

2024 செப்டம்பரில் ஐ.நா. கூட்டத்தில் 2030-க்குள் உலகில் மனிதர்களுக்குப் பயன்படும் ஆன்டிபயாட்டிக்கில் 70 சதவீதமாவது அக்சஸ் வகையாக (உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் எளிதாகக் கிடைக்க வேண்டியவை) இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், ஜென்டாமைசின் எல்லாம் அந்த வகை. செஃப்ட்ரையாக்சோன் வாட்ச் வகை, அதாவது எதிர்ப்பாற்றல் பயத்தால் அளவாகப் பயன்படுத்த வேண்டியது. எங்களுக்கு மேலிருந்து வருகிற படிவத்தில் மாதாமாதம் அந்தச் சதவீதத்தைக் கேட்கிறார்கள். அவசரப் பிரிவு எப்போதும் தோற்கும், ஏனென்றால் கடும் செப்சிஸுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் செஃப்ட்ரையாக்சோன்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புத்தகத்திலேயே முதல் வரிசை. ஆரம்பித்ததை எண்ணாமல் எத்தனை நாள் ஓடியது என்று எண்ணினால் உங்கள் ஸ்டாம்ப் எண்ணிக்கையில் தெரியும்.

புதுமுகம் · வெள்ளி, இரவு 8:15

வீட்டுக்கு அனுப்புகிற நோயாளிக்கு ஸ்டாம்ப் என்ன செய்யும்? 48 மணி நேரம் கழித்து அவர் எங்கே இருப்பார்?

இரவுப்பணி · வெள்ளி, இரவு 8:50

ஒன்றும் செய்யாது. அதற்கு விடை என்னிடம் இல்லை. மூன்று நாள் மாத்திரை மட்டும் எண்ணிக் கொடுக்கிறோம், ஐந்து நாள் பொட்டலத்தை நிறுத்திவிட்டோம். காய்ச்சல் இருந்தால் திரும்ப வாருங்கள் என்கிறோம். நாலு மணி நேரம் நடந்து வந்தவரிடம் அதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

வார்டு_அக்கா · வெள்ளி, இரவு 9:30

வெள்ளிக்கிழமை இரவு ஆரம்பிக்கிற ஊசிக்கு 48 மணி நேரம் ஞாயிறு இரவு. அப்போது வார்டில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

இரவுப்பணி · சனி, காலை 7:05

நேற்று இரவு உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போனேன் அக்கா. ஞாயிறு டாக்டர் இல்லை, கிளினிக்கல் ஆபீசர் (டாக்டர் பட்டம் இல்லாத, சிகிச்சைப் பயிற்சி பெற்றவர்) ஒருவர் மட்டும், அவரும் தியேட்டரில் இருப்பார். காய்ச்சல் விட்டு 24 மணி நேரம், வாயால் சாப்பிடுகிறார், முதல் வரியில் மூளைக்காய்ச்சல் என்றோ ரத்தத் தொற்று என்றோ எழுதவில்லை: இந்த மூன்றும் இருந்தால் ஷிஃப்ட் நர்ஸ் அவருக்குப் போன் செய்து, வாய்மொழி உத்தரவில் மாத்திரைக்கு மாற்றலாம் என்று மேட்ரனிடம் கேட்டிருக்கிறேன். திங்கள்கிழமை சொல்கிறேன் என்றார். அதுவரை கேனுலா பிளாஸ்டர் மேல் மறுபரிசீலனைத் தேதியைப் பேனாவால் எழுதச் சொல்லியிருக்கிறேன். கேஸ் ஷீட்டைத் திறக்காதவர்களும் கையைப் பார்ப்பார்கள் இல்லையா.

வார்டு_அக்கா · சனி, காலை 7:30

மார்க்கர் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பால்பாயிண்ட் பிளாஸ்டரில் வியர்வை பட்டால் அழிந்துவிடும்.